காரைக்குடி பக்கம் ‘ஹோட்டல் அப்ரண்டிஸ்’ என்று பணம் கேட்டால் கட்டாதீர்கள்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காக எழுதுகிறேன். செட்டிநாட்டில் பெரிய வீடுகள் பலவும் ஹோட்டலாகிவிட்டன. நம் பையன்கள் அங்கே சமையல் பழகப் போவது நல்ல விஷயம்தான். ஆனால் ஆள் சேர்த்துவிடுகிறோம் என்று நடுவில் ஒரு பயிற்சி மையம் புகுந்திருக்கிறது. பெயர் போடவில்லை, அவர்கள் செய்கிற விதத்தைச் சொல்கிறேன்.

என் தங்கச்சி மகனிடம் ‘கவர்மெண்ட் அப்ரண்டிஸ், ஒரு வருஷம், முடிச்சா சர்டிபிகேட், அப்புறம் கப்பல் வேலை’ என்றார்கள். பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம், டெபாசிட் என்று பதினெட்டாயிரம் வாங்கினார்கள். ரசீதில் பார்த்தால் ‘நன்கொடை’ என்று அச்சடித்திருக்கிறது! ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அவன் பழகிய சமையல், கூடை கூடையாகச் சின்ன வெங்காயம் உரித்ததுதான். நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போயிருந்தது. அது முடிந்தால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்க வேண்டும். மாஸ்டர் மசாலா வறுக்க ஆரம்பிக்கும் நேரம் பார்த்து, “தம்பி, நாலாம் நம்பர் ரூமுக்குப் பெட்டி தூக்கு” என்பார்களாம். கையில் மாதம் மூவாயிரம், அதிலும் சாப்பாட்டுக்குப் பிடித்தம்.

ஐடிஐ படிக்கும் கூட்டாளி ஒருவன் சொல்லித்தான், “மாமா, காண்ட்ராக்ட் நம்பர்னு ஒண்ணு இருக்கணுமாமே” என்று கேட்டான். மையத்தில் போய்க் கேட்டேன். “அதெல்லாம் ஆறு மாசம் கழிச்சு ஏறும் சார்” என்றார்கள். ஹோட்டல்காரரோ, “அப்ரண்டிஸா? நாங்க ஏஜென்சி ஆளுன்னுல்ல வச்சிருக்கோம்” என்றார். அவருக்கும் தெரியாது என்பதை நான் முழுசாக நம்பவில்லை.

தொழிற்பழகுநர், அதாவது அப்ரண்டிஸ், பயிற்சிக்கு 1961-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. பயிற்சி தரும் நிறுவனத்துக்கும் பையனுக்கும் நேரடியாக ஒப்பந்தம் போட்டு, மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் பதிய வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் எண்தான் அவன் கேட்ட காண்ட்ராக்ட் நம்பர். பதினெட்டு வயது ஆகாதவன் என்றால் பெற்றவர் கையெழுத்து வேண்டும். 2019-ல் விதியைத் திருத்தியபோது உதவித்தொகையை மாதம் பத்தாவது முடித்தவருக்குக் குறைந்தது 6,000, பிளஸ் டூவுக்கு 7,000 ரூபாய் என்று வைத்தார்கள். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் வரும் இடமென்றால் அதில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, அரசே தருகிறது. அதாவது காசு பையனுக்கு வர வேண்டுமே தவிர, அவனிடமிருந்து போகக் கூடாது. டிப்ளமோ, டிகிரி முடித்தவர்களுக்கு நாட்ஸ் என்று தனித் தளம் உண்டு.

சேரும் முன்பே ஒப்பந்த எண்ணைக் கேட்டு வாங்கி, தளத்தில் பையன் பெயர் வருகிறதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் விசாரிக்கலாம். மார்க் ஷீட்டுக்கு ஜெராக்ஸ் போதும், ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள்.

போலீசில் மனு கொடுப்போம் என்றதும் மறுநாளே மார்க் ஷீட் வந்துவிட்டது. பணத்துக்கு இன்னும் ‘அடுத்த வாரம்’ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதற்கிடையில் புது பேட்ச்சுக்கு நோட்டீஸ் ஒட்டியாயிற்று. இந்த முறை டெபாசிட் இருபத்தைந்தாயிரமாம்.