500 பி.எஃப். லென்ஸ்: தோளுக்கு நல்லது, மற்றபடி?

பறவைப் படம் எடுக்க நிக்கான் 500 எம்எம் எஃப்/5.6 பி.எஃப். (ஃபேஸ் ஃப்ரெனெல்) லென்ஸ் செகண்ட் ஹேண்டில் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். என்னுடையது உள்ளே பூஞ்சை பிடித்து, சுத்தம் செய்யப் போய், பெரிய பில்லோடு திரும்பி வந்த வாரத்தில்தான் கேட்டார். பூஞ்சை லென்ஸின் குற்றமில்லை, சென்னைக் காற்று அப்படி. இருந்தாலும் கோபம் இன்னும் ஆறவில்லை.

எடை 1,460 கிராம். நிக்கானின் இன்னொரு 500 எம்எம் லென்ஸான எஃப்/4 மூன்று கிலோவைத் தாண்டும். பி.எஃப். கண்ணாடியில் உள்ள வட்ட வட்டமான நுண்ணிய படிகளே நிறப்பிழையை (விளிம்புகளில் நிறம் பிரிந்து தெரிவதை) சரிசெய்வதால், அதற்கென்று கூடுதல் கண்ணாடிகள் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. இதெல்லாம் தெரிந்த கதை. எடை குறைந்ததன் உண்மையான பலன், கேமராவைக் கண்ணிலிருந்து இறக்காமலே காத்திருக்க முடிவது. பஞ்சுருட்டான் பறவை, பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் கிளம்பிய கிளைக்கே திரும்பும். எப்போது என்றுதான் தெரியாது. கனமான லென்ஸ் வைத்திருப்பவர் கை சோர்ந்து இறக்குகிற நேரம் பார்த்துத்தான் வந்து உட்காரும்!

எரிச்சல் ஒன்றே ஒன்று. 500 என்றால் 500தான், ஜூம் கிடையாது. ஃபுல் ஃபிரேம் கேமராவில் மூலைக்கு மூலை தெரிவது வெறும் 5 டிகிரி. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் மீசை ஆலாப் பறவை திசைமாறித் திசைமாறிப் பறக்கும்போது அதற்குள் அதைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. வெறும் வானத்தை நிறைய எடுத்திருக்கிறேன். கிட்டே வந்தால் இறக்கை நுனி வெட்டுப்படும். கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் நின்று சிறகடிக்கும் வரை சொர்க்கம், பாய்ந்துவிட்டால் ஃபிரேமில் தண்ணீர் மட்டும். போகப் போகப் பழகிவிடும் என்பார்கள். எனக்குப் பாதிதான் பழகியது.

லென்ஸ் சுத்தம் செய்யப் போயிருந்தபோது 200-500 ஜூமை இரவல் வாங்கினேன். ஸ்டாண்டில் மாட்டும் காலரோடு 2,300 கிராம். எட்டு மணிக்கெல்லாம் கை கெஞ்ச ஆரம்பித்துவிட்டது. கூர்மையும் ஒரு மாற்றுக் குறைவுதான். ஆனால் 200ல் ஆலாவைப் பிடித்து, பின்தொடர்ந்தபடியே 500க்குத் திருப்பியதில், முழு இறக்கையும் விழுந்த படங்கள் அன்று காலை கிடைத்த அளவுக்கு என் லென்ஸில் ஒரு சீசன் முழுக்கக் கிடைத்ததில்லை. வயிற்றெரிச்சல்.

வாங்க வேண்டாம் என்று நண்பருக்குச் சொல்லிவிட்டேன். அவர் எடுப்பது வேடந்தாங்கலில் கூட்டுக்கு வந்துபோகும் நத்தைகுத்தி நாரைகளை. பெரிய பறவை, நிதானமாக வரும், ஜூமே போதும்.

சரி, அப்படியென்றால் உன்னுடையதை எனக்கே விற்றுவிடு என்றார். அந்தப் பேச்சே வேண்டாம் என்றேன்.