கன்ட்ரோலர் வேலை என்று சொல்லி கோர்ஸ் விற்கிறார்கள், உஷார்

அக்கவுன்ட்ஸில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓட்டியும் சீனியர் அக்கவுன்டன்ட் என்ற இடத்திலேயே நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தக் கும்பல் வலை விரிப்பது நமக்குத்தான்.

நான் எம்.காம்., சி.எம்.ஏ. (காஸ்ட் அக்கவுன்டன்சி) இன்டர். கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவு. வேலைவாய்ப்புத் தளத்தில் என் ரெஸ்யூமைப் பார்த்ததாகச் சொல்லி, சென்னைக் கன்சல்டன்சி ஒன்றிலிருந்து ஒரு பெண் பேசினார். துபாய் குழுமம் ஒன்றுக்கு ஃபைனான்ஷியல் கன்ட்ரோலர் (கணக்குப் பிரிவுக்குத் தலைமை) வேண்டும், மாதம் 18,000 திர்ஹாம், உங்கள் அனுபவம் அப்படியே பொருந்துகிறது சார், கன்ட்ரோலர் சர்டிஃபிகேட் மட்டும்தான் குறை என்றார். அதையும் அவர்களே ஆன்லைனில் எட்டு வாரத்தில் நடத்துகிறார்களாம். 75,000 ரூபாய். சி.ஏ.வுக்குச் சமமாம்.

கட்டினேன். பாடம் என்று வந்தவை யூடியூபில் சும்மா கிடைக்கும் டேலி, ஜி.எஸ்.டி. வீடியோக்கள். தங்க முத்திரை போட்ட சான்றிதழ் பி.டி.எஃப்.பாக வந்தது, என் இனிஷியல் தப்பாக.

அப்புறம் வீடியோவில் இன்டர்வியூ. மாதக் கணக்கை எத்தனை நாளில் மூடுவீர்கள், குழுமக் கம்பெனிகளுக்குள் இருக்கும் பாக்கிகளைக் கழித்து ஒருங்கிணைந்த கணக்கை எப்படித் தயாரிப்பீர்கள், குத்தகைகளை ஐ.எஃப்.ஆர்.எஸ். 16 என்ற சர்வதேசக் கணக்கு விதிப்படி எப்படிக் காட்டுவீர்கள்: கன்ட்ரோலர் பதவி என்றால் இப்படித்தான் குடைவார்கள். இவர்கள் கேட்டது எப்போது சேர முடியும் என்பதை மட்டும். கார்ப்பரேட் வரிக்குப் பதிவு செய்துவிட்டீர்களா என்று நானே கேட்டேன். ஃபைனான்ஸ் டைரக்டர் என்று உட்கார்ந்திருந்தவர், "துபாயில் ஏது சார் வரி?" என்று சிரித்தார். 2023 ஜூன் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் கணக்காண்டிலிருந்து அங்கே 3,75,000 திர்ஹாமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதம் வரி. வாட் (மதிப்புக் கூட்டு வரி) 2018லிருந்தே இருக்கிறது. ஒரு ஃபைனான்ஸ் டைரக்டருக்கு இது தெரியாதாம்!

மறுநாளே ஆஃபர் லெட்டர். அதில் புரொபேஷன் ஒரு வருடம். அமீரகச் சட்டப்படி ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. விசாவுக்கு 1,40,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். ஆள் எடுக்கும் செலவை ஊழியர் தலையில் கட்டுவதையே அங்குள்ள 2021ஆம் வருடத் தொழிலாளர் சட்டம் தடுக்கிறது. நம் பக்கமும் 1983ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். பதிவு பெற்ற ஏஜென்ட்களைப் பார்க்கும் மத்திய அரசின் ஈமைக்ரேட் தளத்தில் தேடினேன், இவர்கள் பெயரே இல்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

உண்மையான கன்ட்ரோலர் விளம்பரங்களில் சி.ஏ., சி.எம்.ஏ., பிரிட்டனின் ஏ.சி.சி.ஏ., அமெரிக்காவின் சி.பி.ஏ. போன்ற கணக்காளர் பட்டங்களில் ஒன்றைக் கேட்பார்கள். கூடவே கணக்கு மூடி, ஆடிட்டை எதிர்கொண்ட அனுபவம். ஏ.சி.சி.ஏ.வில் 13 தாள். எவ்வளவு விலக்கு கிடைத்தாலும் நாலு தாளாவது எழுதியாக வேண்டும். அமெரிக்க சி.எம்.ஏ. இரண்டே தாள்தான், ஆனால் இரண்டு வருட அனுபவத்தைக் காட்டாமல் பட்டத்தைப் போட்டுக்கொள்ள முடியாது. சி.ஏ.வுக்குச் சமம் என்று எவராவது ஒரு கோர்ஸை விற்றால், இந்திய சி.ஏ. பட்டத்தைத் தருவது ஐ.சி.ஏ.ஐ. என்ற சி.ஏ. இன்ஸ்டிடியூட் மட்டும்தான் என்று சொல்லி போனை வைத்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், ரசீதைப் படியுங்கள் சார் என்கிறார் அதே பெண். "பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று போட்டிருக்கிறது. வேலை என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் கோர்ஸ் முடித்தால் வேலை நிச்சயம் என்று வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பியது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அதை வைத்து 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணில் புகார் செய்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு போட்டாயிற்று. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. இவர்களிடம் பணம் கட்டியவர்கள் மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். என்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவருக்குப் போன வாரம் இதே அழைப்பு வந்திருக்கிறது. இந்த முறை ஊர் சிங்கப்பூர், கோர்ஸ் 90,000.