ஆர்15 பின் டயர்: 140/70-லேயே நிற்கலாமா, 150/60-க்குப் போகலாமா?

யமஹா ஆர்15 பைக்கின் வி3, வி4 இரண்டுக்கும் கம்பெனி தரும் பின் டயர் 140/70 ஆர்17. முதல் எண் டயரின் அகலம், மி.மீ.-ல்; கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அது தேய்ந்து மாற்றும் நாள் வந்ததும் கடையில் எழும் முதல் கேள்வி, "அண்ணே, இதுல 150 ஏறுமா?" ஏறும். ரிம்மில் உட்காரும், காற்றும் பிடிக்கும், பின்னாலிருந்து பார்த்தால் வண்டி ஒரு சுற்று பருத்த மாதிரி தெரியும். டியூக் 390, அப்பாச்சி ஆர்ஆர்310, ஜிக்ஸர் எஸ்எஃப் 250 எல்லாம் 150/60-ல்தான் ஓடுகின்றன என்ற வாதமும் கூடவே வரும். இத்தனைக்கும் பிறகு என் தேர்வு மறுபடி 140/70 தான். காரணம் அகலம் அல்ல, உயரம்.

அகலத்தை முதலில் முடித்துவிடலாம். டயர் தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது வண்டியின் எடையும் காற்றழுத்தமும். அகலம் கூடினால் அந்தப் பரப்பின் வடிவம் மாறுகிறதே தவிர, பரப்பு அதே விகிதத்தில் கூடிவிடாது. பிடிப்பைத் தருவது ரப்பர் கலவை. 18, 19 குதிரைத்திறன் இன்ஜினால் நல்ல 140-ஐக் காய்ந்த சாலையில் சுழலவிட முடியாது. பத்து மி.மீ. அதிகம் என்பதற்காக மட்டமான 150 வாங்குவதைவிட, அதே காசுக்கு ஒரு படி மேலான 140 வாங்குவது எவ்வளவோ மேல்.

இனி உயரம். டயரில் எழுதியிருக்கும் இரண்டாவது எண் பக்கச் சுவரின் உயரம். அகலத்தில் எத்தனை சதவீதம் என்று சொல்வது. 140-ல் 70 சதவீதம் 98 மி.மீ., 150-ல் 60 சதவீதம் 90 மி.மீ. 17 அங்குல ரிம் என்பது 431.8 மி.மீ. இரு பக்கமும் கூட்டினால் 140/70-ன் விட்டம் 627.8, 150/60-ன் விட்டம் 611.8. அதாவது "பெரிய" டயர் என்று மாட்டுவது உண்மையில் 16 மி.மீ. சின்ன சக்கரம். வண்டியின் பின்பக்கம் 8 மி.மீ. இறங்கும். பிராண்டுக்குப் பிராண்டு ஓரிரு மி.மீ. முன்பின் இருக்கும், ஆனால் திசை மாறாது.

எட்டு மி.மீ. என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். புது டயரில் நடுப்பகுதிப் பள்ளம் ஆறேழு மி.மீ. இருக்கும், தேய்மானக் குறி வரை ஓட்டினால் ஐந்து மி.மீ. போல உயரம் போகும். அப்படியானால் இன்று பிரித்து மாட்டிய 150/60, முழுக்கத் தேய்ந்த 140/70-ஐவிடவும் குட்டை. தேய்ந்த பிறகு அது இன்னும் ஐந்து மி.மீ. இறங்கும். வி2-வின் பழைய அளவான 130/70-க்கு விட்டம் 613.8. உயரக் கணக்கில் 150/60 போடுவதும் வி2 டயரைக் கழற்றி வி3-க்கு மாட்டுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதை யாரும் "அப்கிரேடு" என்று சொல்ல மாட்டார்கள்.

பின்பக்கம் தாழ்ந்தால் முன் ஃபோர்க் மேலும் படுத்துக்கொள்ளும். 1325 மி.மீ. சக்கர இடைவெளியில் 8 மி.மீ. என்றால் மூன்றில் ஒரு டிகிரி. ட்ரெயில், அதாவது ஃபோர்க் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் முன் டயர் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம், சுமார் 2 மி.மீ. கூடும். நேர்ச்சாலையில் வண்டி இன்னும் நிதானமாகப் போகும், வளைவில் சாய்க்கக் கொஞ்சம் அதிகம் தள்ள வேண்டியிருக்கும். ஆர்15 வாங்குவதே அந்தச் சட்டென்ற திரும்பலுக்காகத்தான். அதைக் காசு கொடுத்து மழுங்கடிப்பானேன்? ஃபோர்க்கை கிளாம்பில் அதே அளவு மேலே ஏற்றிச் சரிசெய்யலாம். ஆனால் அப்போது முழு வண்டியும் தாழ்ந்து ஸ்பீடு பிரேக்கரில் அடிப்பக்கம் உரசும் வாய்ப்பு கூடும். வண்டி தாழ்ந்தால் சைடு ஸ்டாண்டிலும் முன்னைவிட நிமிர்ந்து நிற்கும். சரிவான இடத்தில் நிறுத்தும்போது இது கவனிக்க வேண்டிய விஷயம்.

கியரும் மாறும். சுற்றளவு 2.5 சதவீதம் குறைவதால் பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டியது போல ஆகும். 7000 ஆர்பிஎம்மில் போன அதே வேகத்துக்கு 7180 வேண்டும். ஊருக்குள் இழுவை சற்றே கூடுவது லாபம்தான், மறுக்கவில்லை. வி4-ல் மட்டும் ஒரு நெருடல்: அதன் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் முன், பின் சக்கர வேகங்களை ஒப்பிட்டுத்தான் நழுவலைக் கண்டுபிடிக்கிறது. பின் சக்கரம் எப்போதும் 2.5 சதவீதம் வேகமாகச் சுற்றினால் அந்த ஒப்பீட்டின் அடித்தளமே நகர்கிறது. தேய்மானத்துக்கு இடம் விட்டே வடிவமைத்திருப்பார்கள். இருந்தாலும் அந்த இடத்தை முதல் நாளே தின்றுவிடுவது எதற்கு?

150/60-க்கு நியாயமான இடம் எங்கே? ட்ராக்கில் ஓட்டுபவர், வேண்டிய மென்கலவை அந்த அளவில் மட்டுமே கிடைக்கிறது என்றால் போடலாம். அங்கே ஃபோர்க், கியர் எல்லாவற்றையும் எப்படியும் மாற்றியமைப்பார்கள், என் தீர்ப்பு அவர்களுக்கு அப்படியே பொருந்தாது. போடுமுன் ரிம்மில் வார்த்திருக்கும் அளவைப் படியுங்கள். 4.00 என்றிருந்தால் 150/60 ஒழுங்காக உட்காரும். நின்ஜா 400-ல் அதே ஜோடிதான். 3.50 என்றால் டயரின் ஓரங்கள் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூர்மையாகும். ரிம் அரை அங்குலம் குறைந்தால் டயர் அகலமும் ஏறத்தாழ 5 மி.மீ. குறையும். 160/60-ம் இதனால்தான் வீண். அது 4.50 ரிம்முக்கானது, 4.00-ல் மாட்டினால் 160-க்குக் காசு கொடுத்து 155 வாங்குகிறீர்கள். 150/70 என்றால் ஆரம் 7 மி.மீ. கூடி, ஹக்கரிலோ (பின் டயரை ஒட்டி இருக்கும் சிறு மறைப்பு) மட்கார்டிலோ உரசலாம்.

குழி நிறைந்த சாலைக்கு 8 மி.மீ. கூடுதல் பக்கச் சுவர் இருக்கும் 140/70 ரிம்மைக் கொஞ்சம் காப்பாற்றும். பில்லியனோடு ஓடுபவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

எதை வாங்கினாலும் அளவின் நடுவே 'ஆர்' இருக்கிறதா பாருங்கள். 140/70-17 என்று வெறும் கோடு இருந்தால் அது ரேடியல் (உள்ளிழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேர் குறுக்காக ஓடும் டயர்) அல்ல. விலை குறைவு என்று கடையில் நீட்டுவார்கள். சுமைக்குறி 66 என்றால் 300 கிலோ, கூடவே வரும் எழுத்து எஸ் என்றால் மணிக்கு 180, எச் என்றால் 210 கி.மீ. தயாரிப்புத் தேதி நான்கு இலக்கம்: 2324 என்றால் 2024-ன் 23-வது வாரம். சுழற்சி அம்புக்குறி சரியாக இருக்கட்டும். வால்வும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். காற்று, வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளபடிதான். அகல டயருக்குக் குறைத்து வைக்கலாம் என்பது தவறு.

அளவை மாற்றியவர்கள் டயரைச் சுற்றியுள்ள இடைவெளியைப் புது செயினோடு பார்க்க வேண்டும். பழைய செயின் நீண்டிருப்பதால் சக்கரம் பின்னால் தள்ளி நிற்கும், எல்லாம் தாராளமாகத் தெரியும். செயின் மாற்றியதும் சக்கரம் முன்னே வரும். அப்போதுதான் டயர் ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) உட்பக்கத்தையும் செயின் கார்டையும் நெருங்கும். 5 மி.மீ. இடைவெளியாவது வேண்டும், சக்கரத்தைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.