கல்மண்டபம் பிரவுசிங் சென்டர்: மெயிலைக் காட்டிவிட்டு லிங்க்கைத் தொடுங்கள்

ராயபுரம் கல்மண்டபம் மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் ஒரு சின்ன பிரவுசிங் சென்டர் இருக்கிறது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வாசலில் ஆதார், பான், ஐ.டி. ரிட்டர்ன் என்று ஒரு பிளெக்ஸ். இந்த மாதிரி கடை வடசென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு. ஆனால் பணம் சம்பந்தப்பட்ட மெயிலை இங்கே கொண்டுபோனால், அது நிஜமா போலியா என்று பார்த்துவிட்டுத்தான் கடைக்காரர் மற்ற வேலையைத் தொடுவார். அதற்காகவே இந்தக் கடையைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வருமான வரி ரிட்டர்ன் போட்ட கொஞ்ச நாளில், ரீஃபண்ட் (கூடுதலாகக் கட்டிய வரி திரும்பி வருவது) வந்திருக்கிறது, அக்கவுண்ட் எண்ணை உறுதி செய்யுங்கள் என்று அவருக்கு ஒரு மெயில். மேலே வருமான வரித் துறையின் சின்னம், கீழே பச்சைப் பட்டன். பணத்துக்குக் காத்திருந்த மனுஷனுக்குச் சந்தேகம் எப்படி வரும்? பிரின்ட் எடுக்கத்தான் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் அனுப்பியவர் பெயரை அழுத்தி முழு முகவரியை விரித்தார். பெயர் என்னவோ வருமான வரித் துறைதான். முகவரி ஏதோ ஊர் பேர் தெரியாத கம்பெனி. "ஐயா, பேரை யார் வேணா எப்படி வேணா போட்டுக்கலாம். அட் குறிக்கு அப்புறம் என்ன இருக்குன்னு பாருங்க" என்றார். பச்சைப் பட்டன் மேல் மவுஸை வைத்தார், அழுத்தவில்லை. திரையின் அடியில் லிங்க் தெரிந்தது. இன்கம்டாக்ஸ் என்ற வார்த்தை அதில் இருந்தது, ஆனால் முன்பக்கம். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த சாய்கோட்டுக்கு ஒட்டி முன்னால் எது இருக்கிறதோ, அதுதான் லிங்க் போய்ச் சேரும் இடம். ரிட்டர்ன் போடும் துறைத் தளம் என்றால் அங்கே 'இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன்' என்று முடிய வேண்டும். போனில் பார்ப்பவர்கள் லிங்க்கைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் இதே விவரம் வரும் என்று அப்பா கையிலேயே செய்து காட்டினார்.

அப்புறம் துறையின் தளத்தைத் தானே டைப் செய்து திறந்தார். ரீஃபண்ட் இன்னும் பரிசீலனையில் இருந்தது. அந்தத் தளத்தில் ஏற்கெனவே சரிபார்த்து வைத்த வங்கிக் கணக்குக்குத்தான் பணம் வரும், மெயிலில் யாரும் எண் கேட்க மாட்டார்கள் என்று அப்போதுதான் அப்பாவுக்குப் பிடிபட்டது.

வங்கி மெயிலுக்கு ஒரு தாள் சுவரில் ஒட்டியிருக்கிறது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கியும் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. ஸ்டேட் வங்கி என்றால் 'எஸ்பிஐ டாட் பேங்க் டாட் இன்'. பேங்க் என்பதற்கு முன்னால் புள்ளிக்குப் பதில் சின்னக் கோடு இருந்தால் அது வேறு யாருடையதாகவும் இருக்கலாம். எனக்கு அந்தக் கடையில் மிகவும் பயன்பட்டது இந்த ஒரு வரி.

காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் அக்கா ஒருவர், கே.ஒய்.சி. மெயிலில் விவரம் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே வந்ததையும் பார்த்தேன். கடைக்காரர் அவரைத் திட்டவில்லை. முதலில் வங்கிக்குச் சொல்லி அக்கவுண்ட்டை நிறுத்த வைத்தார், உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். நாமே விவரம் கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும்வரை போன பணம் நம் தலையில், சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு. ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதி அப்படிச் சொன்னது. அதனால்தான் அந்த அவசரம்.

குறை என்றால் இடம்தான். பாஸ்வேர்டை நம்மையே டைப் செய்யச் சொல்லி அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், சரி. ஆனால் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்குத் திரை நன்றாகவே தெரிகிறது. ஒரு தடுப்பு வைக்கச் சொல்லியிருக்கிறேன். நவம்பரில் லைஃப் சர்டிபிகேட்டுக்குப் பென்ஷன்காரர்கள் கூட்டம் அலைமோதும், காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள். மெயில் பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்குவதில்லை, பிரின்டுக்கு மட்டும்தான்.