சுயவிலக்கு, புதன்கிழமைக் கூட்டம், ஒரு பிஸ்கட் டப்பா: பதினான்கு மாத அனுபவம்

சூதாட்டத்தை நிறுத்த உதவும் சேவைகளைப் பற்றி ஆட்கள் எழுதுவதெல்லாம் முதல் மாதத்தில்தான். முதல் மாதத்தில் எதுவுமே வேலை செய்யும், நெற்றியில் பூசிய விபூதிகூட. நான் பதினான்கு மாதம் ஒழுங்காக இருந்துவிட்டு, சீனப் புத்தாண்டை ஒட்டி ஐந்தே நாளில் 640 சிங்கப்பூர் வெள்ளியை (டாலரை)த் தொலைத்து, அப்புறம் எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். விழுந்த மறுநாள் எது கைகொடுத்தது, எது சும்மா இருந்தது என்பதுதான் எனக்கு இப்போது முக்கியம். மதிப்பெண்ணும் அதை வைத்தே.

முதலில் சுயவிலக்கு. எக்ஸ்குளூஷன் என்று சொன்னால்தான் பலருக்குப் புரியும்: சூதாட்ட இடங்களில் என்னை உள்ளே விடாதீர்கள் என்று நாமே பதிவு செய்துகொள்வது. கேசினோக்கள் திறப்பதற்கு முன்பே, 2005இல் அரசாங்கம் அமைத்த என்சிபிஜி என்ற தேசியச் சூதாட்டப் பிரச்சினை மன்றத்தின் இணையத்தளத்தில் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளக் கணக்கு) வைத்து விண்ணப்பிக்கலாம். வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போதே கைப்பேசியில் முடித்துவிட்டேன், இறங்க வேண்டிய நிறுத்தம்கூட வரவில்லை. இரண்டு கேசினோ, கிளப்புகளில் இருக்கும் ஜாக்பாட் இயந்திர அறைகள், லாட்டரி நடத்தும் சிங்கப்பூர் பூல்ஸின் இணையக் கணக்கு, எல்லாம் இதில் அடங்கும். போட்டபின் ஒரு வருடத்துக்கு அதை நீக்கச் சொல்லிக் கேட்கவும் முடியாது. அந்த ஒரு வருடம்தான் இதன் உயிர். ராத்திரி இரண்டு மணிக்கு மனசு மாறினால் பேசிப் பார்க்க அங்கே ஆள் இல்லை.

"அதுதான் கேசினோவில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்களே, அது போதாதா" என்று என் மச்சான் கேட்டான். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2010இல் ஒரு நாளைக்கு 100 வெள்ளியாக இருந்தது, 2019இல் 150 ஆக்கினார்கள். என்னைப் போன்றவனுக்கு அது தடையே இல்லை. உள்ளே கால் வைத்ததும் முதல் கணக்கே, கட்டிய 150ஐ எடுத்துவிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்பது. ஒரு முறை அந்த 150ஐ மீட்கப் போய் 2,300 விட்டேன். வெளிநாட்டுத் தொழிலாளர் விடுதிகளில் தங்கியிருக்கும் நம் தம்பிகளுக்கு அந்தக் கட்டணமும் கிடையாது, கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். அவர்களும் சுயவிலக்குக்கு விண்ணப்பிக்கலாம், இதைப் படிக்கிறவர்கள் தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள். ஆள் தானாக வராவிட்டால் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள் யாராவது குடும்ப விலக்குக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. என் மனைவி அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "நீங்க போடுறீங்களா, நான் போடவா?" என்றாள். நான் போட்டது அப்படித்தான், பெரிய ஞானோதயம் எல்லாம் இல்லை.

சரி, குறை. இந்த விலக்கு கவுண்டரில் ரொக்கம் கொடுத்து வாங்கும் நாலு நம்பர், டோட்டோ லாட்டரிச் சீட்டுகளைத் தொடாது. டெலிகிராமில் வலிய வந்து பேசும் கள்ளத்தனமான ஆட்களையும் தொடாது. மெரினா பே கேசினோ பக்கம் எனக்குக் கதவு சாத்தியாகிவிட்டது, ஆனால் எங்கள் புளோக்கிலிருந்து காப்பிக்கடைக்குப் போகும் வழியில் இருக்கும் லாட்டரிக் கவுண்டர் வரிசை அப்படியே நிற்கிறது.

நான் விழுந்தது அந்த வரிசையில்கூட இல்லை, வேலையிடத்தில். சீனப் புத்தாண்டை ஒட்டிய ஹோங்பாவ் என்ற பெரிய பரிசுக் குலுக்கல் வந்ததும் எல்லோரும் ஆளுக்கு 10 வெள்ளி போட்டு டோட்டோ வாங்குவது எங்கள் ஸ்டோரில் வருடா வருடம் நடப்பது. 49 எண்ணில் ஆறைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சீட்டுக்கு முதல் பரிசு விழும் வாய்ப்பு 1 கோடியே 39 லட்சத்துச் சொச்சத்தில் ஒன்று. எல்லோரும் போடும்போது நான் மட்டும் மாட்டேன் என்றால், நாளைக்கு விழுந்துவிட்டால்? இது சூதாட்டமா, கூட்டு சேர்வதுதானே என்று 10 வெள்ளியை நீட்டினேன். ஒன்றும் விழவில்லை. அதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அன்றைக்கு ராத்திரி எங்கள் லாரியின் நம்பர் மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை நாலு நம்பரில் கட்டினேன், அடுத்த குலுக்கலில் அதே நம்பர் இரண்டு இலக்கம் இடம் மாறி வந்தது. இந்த நோய் இருப்பவர்களுக்குத் தெரியும், தோற்பதைவிட மோசம் அது. சுத்தமாகத் தோற்றால் கோபம் வரும், மயிரிழையில் தவறினால் நம்பிக்கை வந்துவிடும். ஏடிஎம் கார்டு மனைவியிடம் இருந்தது. கூட வேலை பார்ப்பவனுக்குப் பேநவ்வில் (கைப்பேசி வழியாக உடனே பணம் அனுப்பும் வசதி) அனுப்பி, அவனிடம் ரொக்கமாக வாங்கிக்கொண்டேன். ஐந்து நாள்.

கைப்பேசியில் ஒரு நாள் எண்ணும் செயலி வைத்திருந்தேன், பெயர் வேண்டாம். சூதாடாத நாளை எண்ணும், அவ்வளவுதான். 420ஐத் தாண்டியிருந்த எண்ணை, நான் உண்மையைத் தட்டியதும் சுழியமாக்கி, கீழே ஒரு பூப்படமும் போட்டது. பரமபதத்தில்கூடப் பாம்பு கடித்தால் எல்லோரையும் முதல் கட்டத்துக்கு அனுப்புவதில்லை. (உவமை தேடினாலும் தாயக்கட்டைதான் வருகிறது, பாருங்கள்.) சுழியம்தானே, இனி என்ன கெட்டுவிடப்போகிறது என்று தோன்றியது, அன்று மாலையே இன்னும் 200 போனது. செயலிக்கு மதிப்பெண் ஐந்தில் ஒன்று. அந்தப் பூவுக்காக.

மறுநாள் 1800-6-668-668 என்ற என்சிபிஜி உதவி எண்ணை அழைத்தேன். திட்டு விழும், குறைந்தபட்சம் ஒரு பெருமூச்சாவது வரும் என்று எதிர்பார்த்தேன். எடுத்தவர் ஏன் போனீர்கள் என்று கேட்கவே இல்லை. "இப்ப கையில எவ்வளவு இருக்கு சார்? இன்னிக்கு ராத்திரி அது யார்கிட்ட இருக்கும்?" என்றார். அந்த இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லும்போதே பாக்கெட்டில் இருந்த 60 வெள்ளி மனைவி கைக்குப் போக வேண்டும் என்பது தெளிவாகிவிட்டது. போனை வைத்ததும் போய்க் கொடுத்தேன். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சாதம் போட்டாள், அந்த அமைதி பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இப்போது கூட்டம். வாரம் ஒரு நாள், ஒரு சிறிய அமைப்பு நடத்துவது. இடத்தையும் பெயரையும் வெளியில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. எண்ணி எட்டுப் பத்துப் பேர். கேசினோவில் கடையைத் தொலைத்த சீன அங்கிள், ஜாக்பாட்டில் நகையைத் தொலைத்த மலாய் மக்சிக் (ஆன்ட்டி), நான், அப்புறம் கிராஞ்சி குதிரைப் பந்தயத் திடலே கதி என்று கிடந்த ஒரு பெரியவர். 2024 அக்டோபரில் கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் ஓடி குதிரைக் கிளப் மூடியபோது, "அரசாங்கமே என்னைக் குணப்படுத்திவிட்டது" என்று எல்லோருக்கும் வடை வாங்கிக் கொடுத்தாராம். அடுத்த மாதம் கால்பந்துப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்.

நடத்துபவர் வெள்ளைப் பலகையில் ஒரு முறை நாலு நம்பர் கணக்கைப் போட்டார். 0000 முதல் 9999 வரை 10,000 எண்ணிலும் 'பிக்' என்ற பந்தய வகையில் ஒவ்வொரு வெள்ளி கட்டினால் 10,000 வெள்ளி. முதல் மூன்று பரிசு 2,000, 1,000, 490. ஸ்டார்ட்டர் எனும் அடுத்த நிலைப் பரிசு பத்துக்கு 250 வீதம், ஆறுதல் பரிசு பத்துக்கு 60 வீதம். கூட்டினால் 6,590. ஆக வெள்ளிக்கு 66 காசுதான் திரும்பும். எல்லோரும் தலையாட்டினோம். கணக்குத் தெரியாமல் யாரும் அங்கே வந்து உட்காரவில்லை, நான் டிப்ளோமா படித்தவன். அதனால் அந்தப் பலகைக்கு நான் மதிப்பெண் தரவில்லை. மதிப்பெண் வேறு ஒன்றுக்கு. நான் விழுந்ததைச் சொன்னதும், "சறுக்கினாய், சரி, பழைய வாழ்க்கைக்கே திரும்பிவிட்டாயா?" என்று அங்கிள் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியென்றால் அந்த ஐந்து நாளை மட்டும் சொல்லு, 10 வெள்ளியிலிருந்து ஆரம்பி." ஒவ்வொரு படியாகச் சொல்ல வைத்தார்கள். எங்கே நிறுத்தியிருக்கலாம் என்று பார்த்தால், லாரி நம்பரும் வரிசையும் அப்புறம்; கூட்டுக்கு 10 வெள்ளி நீட்டிய இடம், அதைவிட முக்கியமாகப் பேநவ். என் வேலியில் அந்த ஓட்டையை நான் பார்க்கவே இல்லை.

அதற்கு ஒரு மருந்தை மக்சிக்தான் சொன்னார். மோசடிக்காரர்களிடமிருந்து காக்க 2023 நவம்பரில் உள்ளூர் வங்கிகள் மூன்றும் பணத்தைப் பூட்டி வைக்கும் வசதியைக் கொண்டுவந்தன. பூட்டியதை இணையம் வழியாக வெளியே எடுக்க முடியாது, நேரில் போக வேண்டும். மோசடிக்காரன் வெளியில்தான் இருக்க வேண்டும் என்று விதியா என்ன? சம்பளம் வந்த அன்றே பெரும் பகுதியைப் பூட்டிவிடுகிறேன், பேநவ் உச்சவரம்பையும் குறைத்துவிட்டேன்.

கூட்டத்தில் குறை உண்டு. பேச்சு முழுக்க ஆங்கிலம், நடுவில் மலாய். அவமானம் என்பதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்ல வராது. என் கட்டத்தைத் தாண்டியவர்களுக்கு இது போதாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தூக்கம் போய்விட்டது, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் மனநலக் கழகத்தின் போதைப்பழக்கச் சிகிச்சைப் பிரிவுக்கே நேராகப் போங்கள், புவாங்கோக்கில் இருக்கிறது. பழைய ஆட்களுக்கு அது இன்னமும் உட்பிரிட்ஜ் என்ற பழைய மனநல மருத்துவமனைதான், அதனால் தயங்குவார்கள். கூட்டத்தில் மூன்று பேர் அங்கே போய் வருகிறார்கள், யாருக்கும் கொம்பு முளைக்கவில்லை.

சுயவிலக்குக்கு ஐந்தில் மூன்றரை, தொலைபேசிக்கு நாலரை, கூட்டத்துக்கும் நாலரை. என் சுயவிலக்கின் ஒரு வருடம் எப்போதோ முடிந்துவிட்டது, நீக்கக் கேட்கவில்லை.

கூட்டத்தை ஏன் புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு வைத்திருக்கிறார்கள், வேலை முடிந்து ஓடிவர வேண்டியிருக்கிறதே என்று முதலில் எரிச்சலாக இருந்தது. உள்ளே நுழைந்ததும் எல்லோர் கைப்பேசியும் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போகும், எட்டு மணிக்குத்தான் மூடி திறக்கும். நாலு நம்பர் குலுக்கல் புதன் மாலை ஆறரைக்கு.