யு.பி.எஸ்.சி. மாக் இன்டர்வியூக்கள்: எதில் உட்காரலாம், எதை நம்பக் கூடாது

யு.பி.எஸ்.சி. குடிமைப்பணித் தேர்வில் மெயின்ஸ் (முதன்மை எழுத்துத் தேர்வு) ரிசல்ட் வந்த கையோடு கோச்சிங் சென்டர்களிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். மாக் இன்டர்வியூ, அதாவது மாதிரி நேர்முகத் தேர்வு, இலவசம்; டி.ஏ.எஃப். (விரிவான விண்ணப்பப் படிவம்) நகலை மட்டும் அனுப்பினால் போதும் என்பார்கள். பதற்றத்தில் இருப்பவர் நாலைந்து இடங்களில் பெயர் கொடுத்துவிட்டு டெல்லிக்கு டிக்கெட் போட்டுவிடுவார். எதற்காகப் போகிறோம் என்ற கேள்வி ரயில் ஏறிய பிறகுதான் வரும்.

மாக் இரண்டு வேலைகளை நன்றாகச் செய்யும். முன்பின் தெரியாத ஐந்து பேர் எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கும்போது வரும் பயத்தைக் குறைக்கும். நம் பேச்சில் நமக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் பழக்கங்களைக் காட்டிக்கொடுக்கும். மதிப்பெண்ணைக் கணிக்க அது உதவாது. 'போர்டுக்கு (நேர்முகக் குழுவுக்கு) இப்படிச் சொன்னால்தான் பிடிக்கும்' என்ற ரகசியமும் அங்கே கிடைக்காது. மாக் சேவைகளை இந்த இரண்டு அளவுகோல்களை வைத்துத்தான் தரம் பிரித்திருக்கிறேன்.

உண்மையான நேர்முகத் தேர்வின் கணக்கு இது. எழுத்துத் தேர்வுக்கு 1750, நேர்முகத்துக்கு 275, மொத்தம் 2025. நேர்முகத்துக்குத் தனியாகக் குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண் கிடையாது. டெல்லியில் யு.பி.எஸ்.சி. அலுவலகம் இருக்கும் தோல்பூர் ஹவுஸில், அந்த ஆணையத்தின் உறுப்பினர் ஒருவர் தலைமையில் போர்டு உட்காரும். எந்த போர்டு என்பது அன்று காலையில்தான் தெரியும். எழுத்துத் தேர்வில் நீங்கள் எடுத்த மதிப்பெண் அவர்களுக்குத் தெரியாது. சுமார் அரை மணி நேரம் பேச்சு. இது குறுக்கு விசாரணை அல்ல, ஒரு நோக்கத்தோடு நடக்கும் இயல்பான உரையாடல் என்று ஆணையத்தின் அறிவிக்கையே சொல்கிறது. பல மாக் போர்டுகள் சறுக்குவது இங்கேதான்.

பெரிய கோச்சிங் சென்டர்களின் இலவச போர்டுகளிலிருந்து தொடங்குவோம். பழைய ராஜேந்திர நகர், கரோல் பாக் பகுதிகளிலும் சென்னை அண்ணா நகரிலும் இவை நடக்கும். ஓய்வுபெற்ற அதிகாரிகள், பேராசிரியர்கள், பாட ஆசிரியர்கள் என நான்கைந்து பேர் உட்காருவார்கள். இருபது முதல் முப்பது நிமிடம் கேள்வி, ஐந்து நிமிடம் கருத்து. அறை, மேசை, கோட்டு சூட்டு எல்லாம் அசலைப் போலவே இருக்கும். பயம் குறைய இந்த ஏற்பாடு உண்மையிலேயே உதவுகிறது. முதல் மாக்கில் வாய் உலர்ந்து, முதல் பதிலே மூச்சு விடாமல் கொட்டிவிடும். மூன்றாவதில் அதே ஆள் கேள்வியை முழுதாகக் கேட்டுவிட்டுப் பேசுவார். பயந்த சூழலில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் படபடப்பு தானே இறங்கும் என்பதை உடம்பு கற்றுக்கொள்கிறது. நடுவில் எழுந்து வந்துவிட்டாலோ, போகாமல் தள்ளிப்போட்டாலோ பயம்தான் கூடும்.

குறை, கருத்துச் சொல்லும் அந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. "இன்னும் கான்ஃபிடன்டாகப் பேசுங்கள்", "பாடி லாங்வேஜைச் சரிசெய்யுங்கள்" என்பதையெல்லாம் வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. "சரக்கு மற்றும் சேவை வரி பற்றிக் கேட்டபோது முதல் வாக்கியத்திலேயே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டீர்கள், மறுபக்கத்தை நான் கேட்ட பிறகுதான் சொன்னீர்கள்" என்றால் திருத்தலாம். "ஆங்கிலத்தில் ஒவ்வொரு பதிலையும் 'பேசிக்கலி' என்றே ஆரம்பிக்கிறீர்கள்" என்றாலும் திருத்தலாம். எந்தக் கேள்வி, எந்த வாக்கியம் என்று சுட்டிக்காட்டாத கருத்தை நோட்டில் எழுதிக்கொள்ளவே வேண்டாம். அடுத்தடுத்த போர்டுகள் எதிரெதிராகவும் சொல்லும்: ஓரிடத்தில் 'சிரித்த முகமாக இருங்கள்', இன்னோரிடத்தில் 'ரொம்பச் சிரிக்கிறீர்கள்'. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு போர்டுகள் சொன்ன குறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும் சொன்னது அவருடைய ரசனை.

மாக் முடிவில் தரும் மதிப்பெண்ணைப் பார்க்காமல் இருந்தாலும் நஷ்டமில்லை. 195 என்று போட்டுக்கொடுத்தால் மெத்தனம், 140 என்றால் தூக்கம் போய்விடும். இரண்டுக்கும் அடிப்படை கிடையாது. அதைவிட மோசம் வேண்டுமென்றே மிரட்டும் போர்டு. பாதியில் குறுக்கிடுவது, "இது கூடத் தெரியாமலா கலெக்டராகப் போகிறீர்கள்?" என்று கேட்பது எல்லாம் 'ஸ்ட்ரெஸ் டெஸ்ட்' என்ற பெயரில் நடக்கும். அசல் போர்டு அழுத்திக் கேட்கும். அவமானப்படுத்துவது அதன் வழக்கமல்ல. ஏற்கெனவே பதற்றம் அதிகமுள்ளவர், இரண்டாம் மூன்றாம் முறையாக நேர்முகத்துக்குப் போகிறவர் இந்த வகையைத் தவிர்த்துவிடலாம்.

இலவசம் ஏன் என்பதையும் தெரிந்துகொண்டு போவது நல்லது. நீங்கள் தேர்வானால் உங்கள் படம் அவர்கள் விளம்பரத்தில் வரும். இன்டர்வியூ பயிற்சிக்கு மட்டும் வந்தவர்களைத் தங்கள் முழு நேர மாணவர்கள் போலக் காட்டிய சென்டர்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அபராதம் விதித்திருக்கிறது. 2024 நவம்பரில் அது வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, வெற்றி பெற்றவரின் பெயரையும் படத்தையும் பயன்படுத்த அவருடைய எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தையும் தேர்வான பிறகுதான் வாங்க வேண்டும். ஆகவே மாக்குக்குப் பதிவு செய்யும்போதே நீட்டப்படும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடத் தேவையில்லை.

வீடியோவுக்கும் இதே எச்சரிக்கை. பதிவு உங்கள் கைக்கு வர வேண்டும், யூடியூபுக்குப் போகக் கூடாது. ஊரே பார்க்கப்போகிறது என்ற நினைப்பு வந்துவிட்டால் பயிற்சி போய் நடிப்பு வந்துவிடும். பிறகு கமெண்ட் பகுதியைப் படிக்கும் தண்டனை வேறு. "பதிவை எனக்கு மட்டும் தாருங்கள்" என்று முதலிலேயே மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். மறுத்தால் பதிவே இல்லாமல் உட்காருங்கள், அல்லது வேறு இடம் பாருங்கள்.

கட்டணம் கொடுத்துப் போவதில் மதிப்புள்ளது என்றால் தனி ஆள் நடத்தும் டி.ஏ.எஃப். அமர்வுதான். ஒருவர், ஒரு மணி நேரம், உங்கள் படிவத்தின் ஒவ்வொரு வரியும். சொந்த மாவட்டம், பட்டப்படிப்பு, பார்த்த வேலை, விட்ட வேலை, பொழுதுபோக்கு, முன்னுரிமைப் பணிகளின் வரிசை என எங்கெல்லாம் கேள்வி முளைக்கும் என்று தோண்டி எடுப்பார். பயத்தின் பெரும்பகுதி 'எதைக் கேட்பார்களோ' என்பதில்தான் இருக்கிறது. அந்த வட்டம் இங்கே சுருங்கிவிடும். பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் சிலம்பம் என்று எழுதியவரிடம் கம்பின் நீளம், ஆட்ட முறைகள், போட்டியில் புள்ளி எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று வரிசையாகக் கேட்டால்தான் அது எழுதுவதற்காக எழுதியதா என்பது வெளிவரும். படிப்புக்கும் வேலைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஆண்டுகளுக்கு இரண்டு மூன்று வாக்கியத்தில் நேரான பதில் தயாராக வேண்டும். முன்பு தேர்வாகாததை மறைக்க வேண்டியதில்லை. "தயாரித்தேன், தேர்வாகவில்லை, இன்னதைத் திருத்தினேன்" என்றால் போதும். பதிலை எழுதிக்கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆலோசகரிடம் பணம் கட்டாதீர்கள். மனப்பாடம் செய்த பதிலில் நடுவில் ஒரு சொல் மறந்தால் மீதி முழுவதும் சரிந்துவிடும்.

தமிழ்நாட்டுக்காரர்கள் டெல்லிக்கு ஓடும் முன் உள்ளூரிலேயே பார்த்துவிடலாம். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள தமிழ்நாடு அரசின் அகில இந்தியக் குடிமைப்பணித் தேர்வுப் பயிற்சி மையம் மாதிரி நேர்முகத் தேர்வை இலவசமாக நடத்துகிறது. மனிதநேயம் மையமும் இலவசமாக நடத்துகிறது. உங்கள் மாவட்டத்து ஏரி, சாதிக் கலவரம், நீர்ப் பங்கீடு பற்றி உருப்படியாகக் கேட்க இங்குள்ளவர்களால் முடியும். டெல்லி போர்டு உங்கள் ஊரைக் கூகுளில் பார்த்துவிட்டுக் கேட்கும். ஆனால் அசல் போர்டும் அப்படி வெளியாளாக இருந்து கேட்கக்கூடியதுதான். அதனால் இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று வைத்துக்கொள்வது சரி.

தமிழில் நேர்முகம் கொடுப்பவர்களுக்கு இந்தச் சந்தை கிட்டத்தட்ட எதுவுமே தருவதில்லை. அசலில் உங்கள் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருப்பார். பெரும்பாலான மாக்குகளில் அந்த நாற்காலி காலியாகவே இருக்கும். இந்தக் குறை சிறியதல்ல. ஒவ்வொரு பதிலும் இரண்டு முறை சொல்லப்படுவதால் உங்கள் நேரம் பாதியாகிறது. ஒரு நிமிடம் தொடர்ந்து பேசினால் மொழிபெயர்ப்பாளர் சுருக்கித்தான் சொல்வார், நீங்கள் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டியது போய்விடும். இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தப் பழக வேண்டும். கலைச்சொல்லை ஆங்கிலத்தில் நீங்களே சொல்லிவிடுவது பாதுகாப்பு. மொழிபெயர்ப்பு பிசகினால், "ஐயா, நான் சொன்னது இது" என்று மரியாதையாகத் திருத்துவதையும் ஒத்திகை பார்க்க வேண்டும். லாபமும் ஒன்று உண்டு: ஆங்கிலக் கேள்வி முன்பே புரிந்துவிட்டால், அது தமிழில் வரும் வரை யோசிக்க நேரம் கிடைக்கிறது. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த நண்பரை மொழிபெயர்க்க உட்காரவைத்து வீட்டிலேயே இரண்டு முறை செய்தால், காசு கொடுத்துப் போகும் பல மாக்குகளைவிட அது மேல்.

காசே இல்லாத இன்னொரு வழி, மூன்று நான்கு பேர் சேர்ந்த குழு. ஒருவர் பதில் சொல்ல, இருவர் கேட்க, நான்காமவர் போனில் பதிவு செய்வார். பதிவைப் பார்க்கும்போது முதல் முறை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள்: கால் ஆட்டுவது, கை பிசைவது, தலைவரை மட்டுமே பார்ப்பது தெரியும். இரண்டாம் முறை படத்தைப் பார்க்காமல் கேளுங்கள்: வேகம், இழுவை, வாக்கியம் முடியாமல் தொங்குவது தெரியும். நண்பர்கள் என்பதால் பயம் வராது என்பது இதன் பலவீனம். அதைச் சரிக்கட்ட வேறு குழுவிலிருந்து தெரியாத ஒருவரை அழைத்து நடுவில் உட்காரவைக்கலாம். 'தெரியாது' என்று சொல்லும் பயிற்சிக்கும் குழுதான் ஏற்ற இடம். "மன்னிக்கவும், எனக்குத் தெரியாது" என்று நேராகச் சொல்லி நிறுத்திவிட வேண்டும். ஐந்து கேள்விக்குத் தொடர்ந்து அப்படிச் சொன்ன பிறகு ஆறாவதுக்குக் குரல் உடையாமல் பதில் சொல்ல முடிகிறதா என்பதுதான் சோதனை. ஊகித்துச் சொல்வதானால் அனுமதி கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும்.

எந்த மாக்கும் விற்காத பகுதி ஒன்று இருக்கிறது: காத்திருப்பு. அசல் நாளில் போனை ஒப்படைத்துவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பு முடித்து, உங்கள் போர்டுக்கு வந்த மற்றவர்களோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். உங்கள் முறை கடைசி என்றால் சில மணி நேரம் ஆகும். உள்ளே போவதற்குள் பலருக்குத் தெம்பு வடிந்துவிடுவது அங்கேதான். ஒரு நாள் கோட்டு சூட்டோடு, போன் இல்லாமல், இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்துவிட்டு உடனே குழு மாக்குக்குள் நுழைந்து பாருங்கள். படபடப்பு ஏறினால் மூக்கால் நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடலாம். வெளிமூச்சு நீள்வதுதான் முக்கியம். அவசர அவசரமாக ஆழ மூச்சு இழுத்தால் தலை கிறுகிறுக்கும். வழக்கமாக ஒரு காபி குடிப்பவர் அன்றும் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

செயற்கை நுண்ணறிவு மாக் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டி.ஏ.எஃப்.பைப் போட்டால் கேள்விப் பட்டியல் தரும், அது பயன்படும். பயம் குறையாது, ஏனென்றால் எதிரே யாருமில்லை. முகவரி, பிறந்த தேதியை எல்லாம் நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

எத்தனை மாக் என்று கேட்டால்: டி.ஏ.எஃப். அமர்வு ஒன்று, போர்டு மாக் மூன்று, குழுவில் முடிந்த அளவு. நான்காவது ஐந்தாவது போர்டிலிருந்து கேள்விகள் திரும்ப வரும், பதில்கள் தேய்ந்துபோகும். கடைசி போர்டு மாக் அசல் தேதிக்கு நான்கைந்து நாள் முன்பே முடிந்துவிட வேண்டும். முந்தின நாள் மாக் மோசமாகப் போனால் அதைத் திருத்த நேரம் இருக்காது, கவலைப்பட மட்டும்தான் இருக்கும்.

இந்தச் சேவைகள் அத்தனையிலும் பெரிய ஓட்டை, இறுதிப் பட்டியல் வந்த பிறகு தெரியும். பெயர் வந்தவருக்குப் பூச்செண்டோடு போன் வரும். வராதவரை யாரும் கூப்பிடுவதில்லை. என்ன தவறு நடந்தது என்று உட்கார்ந்து பேச ஒரு அமர்வு கேட்டால் கொடுக்கும் இடங்கள் மிகக் குறைவு. பதிவு செய்யும்போதே இதைக் கேட்டுவைத்துக்கொள்ளலாம். யு.பி.எஸ்.சி. காரணம் சொல்லாது, ஆனால் மதிப்பெண் பட்டியலைத் தன் இணையதளத்தில் வெளியிடும். அதில் முதலில் 1750-க்கு எவ்வளவு என்று பாருங்கள். கட்டுரைத் தாளிலும் ஆப்ஷனலிலும் (விருப்பப் பாடம்) இழந்ததை நேர்முகத்தின் தலையில் கட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. நேர்முக மதிப்பெண் ஒரே ஆளுக்கு ஆண்டுக்கு ஆண்டு பெரிய அளவில் மாறக்கூடியது. 'எனக்கு ஆளுமை போதாது' என்று ஒரு எண்ணை வைத்து முடிவுகட்ட அது தாங்காது.

நேர்முகம் வரை வந்து தேர்வாகாதவர்கள் சம்மதம் தெரிவித்தால், அவர்கள் விவரங்களை வேலை தருவோர் பார்க்க ஆணையம் ஏற்பாடு செய்திருக்கிறது. அதன் இப்போதைய பெயர் பிரதிபா சேது. விண்ணப்பத்தில் அந்தச் சம்மதக் கட்டத்தைக் கௌரவம் பார்த்து 'இல்லை' என்று விடுபவர்கள் உண்டு. 'ஆம்' என்று குறிப்பதால் அடுத்த முறை தேர்வு எழுதுவதற்குத் தடை எதுவும் வராது.

ரிசல்ட்டுக்குப் பிறகு இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம், சாப்பாடு சரியாகவில்லை என்றால் அரசின் மனநல உதவி தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், முதலில் பேசுபவர் பயிற்சி பெற்ற ஆலோசகர், தேவைப்பட்டால் மருத்துவரிடம் இணைப்பார்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் என்ற கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே அழைக்க வேண்டும். பெயரைச் சொல்லத் தயங்குகிறவர், தேர்வில் வேலை கிடைக்கவில்லை, தூக்கம் வரவில்லை என்ற இரண்டு விஷயத்திலிருந்து தொடங்கினால் போதும்.