டீலர் சர்வீஸா, சொந்தக் கையா: வேலை வாரியாக ஒரு விமர்சனம்

சர்வீஸ் சென்டரில் வண்டியை விடும்போது கையெழுத்து வாங்கும் ஜாப் கார்டை (செய்யப்போகும் வேலைகளின் பட்டியல்) ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். சாதாரண பெட்ரோல் காரின் வருடாந்திர சர்வீஸில் உண்மையில் மாற்றப்படுபவை இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஆயிலை வடிக்கத் திறக்கும் ட்ரெயின் போல்ட்டின் வாஷர், சில சமயம் ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர். அவ்வளவுதான். மீதி எல்லாம் பார்க்க வேண்டிய வேலை: பிரேக் பேட் எவ்வளவு மிச்சம், சஸ்பென்ஷன் புஷ் கிழிந்திருக்கிறதா, டிரைவ் ஷாஃப்ட் பூட்டில் கிரீஸ் கசிகிறதா, ஹோஸ்கள் உப்பியிருக்கின்றனவா, பேட்டரி எப்படி இருக்கிறது. மாற்றும் வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பார்க்கும் வேலைதான் நேரம் கேட்கும். பணிமனையில் நெரிசல் கூடினால் முதலில் அடிபடுவதும் அதுதான். சக்கரத்தைக் கழற்றாமலே ‘பிரேக் சரி’ என்று டிக் விழுந்துவிடும்.

பல பணிமனைகளில் ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு நேரம் என்று கணக்கு உண்டு. மெக்கானிக்குக் கூலியும் அந்தக் கணக்கில்தான். கஷ்டமான வேலைகள் அனுபவசாலிகளுக்குப் போகும், ஆயில் மாற்றும் வேலை புதிதாகச் சேர்ந்தவர் கைக்கு வரும். டீலரிடம் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் வழக்கமான சர்வீஸில் அந்தத் திறமை நம் வண்டிப் பக்கம் வருவது அரிது. எதை அவர்களிடம் கொடுப்பது, எதை நாமே செய்வது என்று பிரிக்க, அவர்களின் திறமை அந்த வேலைக்கு உண்மையில் வருகிறதா என்பதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

நாமே செய்தால் அதிகப் பலன் தருவது ஆயில் மாற்றும் வேலை. முதலில் சரியான ஆயில். டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருப்பது கெட்டித்தன்மையை மட்டும்தான் சொல்கிறது. உரிமையாளர் கையேட்டில் அதற்கு அடுத்த வரியில் ஏபிஐ எஸ்பி, ஏசிஇஏ சி3 போன்ற தரக் குறியீடோ, கார் கம்பெனியின் சொந்த அங்கீகார எண்ணோ இருக்கும். கவனிக்க வேண்டியது அதைத்தான். டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) பொருத்திய டீசல் வண்டியில் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஆயில் எரிந்து மிஞ்சும் சாம்பல் அந்த ஃபில்டருக்குள்ளேயே தங்கிவிடும், புகைக்கரியைப் போல அதை எரித்து வெளியேற்ற முடியாது. டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஓடும் இன்ஜின்களில் விஷயம் இன்னும் தீவிரம். தவறான ஆயில் பட்டால் பெல்ட்டின் ரப்பர் கெட்டு உதிரும். உதிர்ந்த துணுக்குகள் சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) இருக்கும் வலையை அடைத்து, ஆயில் பிரஷரே விழுந்துவிடும். சில சர்வீஸ் சென்டர்களில் பேரலிலிருந்து வரும் ஒரே ஆயிலைப் பல மாடல்களுக்கும் ஊற்றக்கூடும். அது உங்கள் இன்ஜினுக்கு ஏற்றதா என்று பில்லில் உள்ள கிரேடைக் கையேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் ஆயில் இளகி நன்றாக வடியும். கொதிக்கும் சூட்டில் திறக்கக் கூடாது. தரை சமமாக, கெட்டியாக இருக்க வேண்டும். தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய பிறகு பாரம் முழுவதும் ஸ்டாண்டில் நிற்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவது உயிரோடு விளையாடுவது. இந்த ஒரு விஷயத்தில் சமாதானமே கிடையாது. ஸ்டாண்ட் வாங்க மனமில்லாவிட்டால் இந்த வேலையை டீலரிடமே விட்டுவிடுங்கள்.

போல்ட்டைத் தொடும் முன் அது இன்ஜின் சம்ப்பின் போல்ட்தானா என்று சர்வீஸ் மேனுவலில் உள்ள படத்தோடு பொருத்திப் பாருங்கள். சில வண்டிகளில் கியர்பாக்ஸின் ட்ரெயின் போல்ட்டும் பக்கத்திலேயே, பார்க்க அதே மாதிரி இருக்கும். போல்ட் மாறிப்போனால் கியர்பாக்ஸ் காலியாகி, இன்ஜினில் இரண்டு பங்கு ஆயில் நிற்கும். திறக்க ஆறு முகம் கொண்ட சாக்கெட் அல்லது ரிங் ஸ்பானர் வேண்டும். ஓப்பன் ஸ்பானர் போட்டால் போல்ட் தலையின் மூலைகள் மழுங்கிவிடும். வடிந்து முடிந்து சொட்டு சொட்டாக வரும்போது புது வாஷரோடு கையால் மரை பிடிக்கச் செய்து, பிறகு டார்க் ரெஞ்ச்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) முறுக்குங்கள். பெரும்பாலான சிறிய கார்களில் அளவு 25 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய எண் சர்வீஸ் மேனுவலில் உண்டு. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் அலுமினியம் சம்ப்பில் அதைத் தாண்டி, அதுவும் ஏர் கன்னால் இறுக்கினால் மரை போய்விடும். அப்படிக் கெட்ட மரை அன்றைக்கே தெரியாது. அடுத்த முறை திறக்கும்போது அலுமினியச் சுருள் போல்ட்டோடு சேர்ந்து வெளியே வரும். முந்தைய வேலையை யார் செய்தார்கள் என்பதை அப்போது நிரூபிக்கவும் முடியாது.

திருகி மாட்டும் டப்பா ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். பழைய வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புது ஃபில்டரை மாட்டினால், பிரஷர் ஏறியதும் ஆயில் பீய்ச்சி அடிக்கும். புது வளையத்தில் ஆயிலைத் தடவி, வளையம் தொட்ட இடத்திலிருந்து முக்கால் சுற்றுக் கையாலேயே திருகினால் போதும். காகித ஃபில்டர் உள்ளே போகும் பிளாஸ்டிக் மூடி வகையென்றால், முறுக்கும் அளவு பெரும்பாலும் மூடியிலேயே பொறித்திருக்கும்; ஓ-ரிங்கை அதற்குரிய பள்ளத்தில்தான் போட வேண்டும்.

கையேட்டில் சொன்ன கொள்ளளவில் அரை லிட்டர் குறைத்து ஊற்றி, ஒரு நிமிடம் ஓடவிட்டு, கீழே கசிவு பார்த்து, நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். குறைந்தபட்சக் கோட்டுக்கும் அதிகபட்சக் கோட்டுக்கும் இடையே பல கார்களில் சுமார் ஒரு லிட்டர். மேல் கோட்டைத் தாண்டினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரைக்க வைக்கும். நுரைத்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. ஆயில் கன்னில் அளவு வைத்து ஊற்றும் பணிமனைகளில் அடிக்கடி நடக்கும் தவறு இது. பழைய ஆயில் முழுதாக வடியும் முன்பே போல்ட்டை மாட்டிவிட்டு, முழு அளவையும் மேலே ஊற்றிவிடுவார்கள்.

ஏர் ஃபில்டரும் ஏசி ஃபில்டரும் யாரும் மாற்றக்கூடியவை. அதற்குக் கூலி தனியாகப் போடும் பில்லைப் பார்த்தால் கேள்வி கேட்கலாம். ஏர் ஃபில்டர் பெட்டியின் ஓரத்தில் ரப்பர் விளிம்பு முழுவதும் சமமாக உட்கார வேண்டும், ஒரு மூலை மடிந்தாலும் தூசி வடிகட்டாமல் உள்ளே போகும். கம்ப்ரசர் காற்றடித்துச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுவதை ஏற்க வேண்டாம். அழுத்தத்தில் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழலாம். ஏசி ஃபில்டரில் காற்று போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும்.

ஸ்பார்க் பிளக் சற்று நிதானம் கேட்கும். இன்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும், சூட்டில் கழற்றினால் சிலிண்டர் ஹெட்டின் மரை கெடும். பிளக்கின் மேல் இருக்கும் காயிலைக் கழற்றியதும் குழிக்குள் இருக்கும் மண்ணை ஊதி எடுத்துவிட்டுத்தான் பிளக்கைத் திருக வேண்டும். இல்லையென்றால் மண் நேராக சிலிண்டருக்குள் போகும். புது பிளக்கைப் பிடித்துத் தொடக்கி வைக்க ஒரு ரப்பர் ஹோஸ் துண்டு போதும்: மரை கோணலாகப் பிடித்தால் ஹோஸ் வழுக்கும், அதனால் சேதம் வராது. கீழே விழுந்த பிளக்கை மாட்டாதீர்கள், பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தாலும் மிஸ்ஃபயர் ஆகும், அதாவது அந்த சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாது. இரிடியம் பிளக்கின் நடு முனையை நெம்பி இடைவெளி சரிசெய்யக் கூடாது.

பிரேக் பேட் மாற்றுவது ஆயில் மாற்றுவதைவிடக் கடினம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தவறினால் விலை வேறு. ஒரு அச்சின் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். கழற்றிய கேலிப்பரை (பேடை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கவிடக் கூடாது. பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் மேலே ஏறும். இடையில் யாராவது நிரப்பி வைத்திருந்தால் பொங்கி வழிந்து பெயின்ட்டை அரித்துவிடும். எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் பின் பிஸ்டனை வலுவில் தள்ளவே கூடாது. அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோன பிறகுதான் தொட வேண்டும், பல மாடல்களில் அதற்கு வண்டியின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் தேவைப்படும். வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும் வரை மிதிக்க வேண்டும். மறந்தால் முதல் மிதி தரை வரை போகும்.

டீலர் செய்த பிரேக் வேலையின் தரத்தை ஒரே இடத்தில் கண்டுபிடிக்கலாம். உள்பக்கப் பேடையும் வெளிப்பக்கப் பேடையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உள் பேட் 2 மி.மீ., வெளி பேட் 6 மி.மீ. என்று இருந்தால் கேலிப்பர் வழுக்கி நகர உதவும் ஸ்லைடு பின் இறுகிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். பின்னைக் கழற்றித் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் வைத்து மாட்டியிருந்தால் இவ்வளவு வித்தியாசம் வந்திருக்காது. ‘பிரேக் கிளீனிங்’ என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு ஸ்பிரே மட்டும் அடிப்பது இப்படித்தான் வெளியே வரும்.

பிரேக் ஆயிலை மட்டும் நான் டீலருக்கே விடச் சொல்வேன். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தர பிரேக் ஆயிலுக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலையில் தரம் கேட்பது 155 டிகிரி மட்டுமே. மலை இறக்கத்தில் அந்த ஈரம் ஆவியானால் பெடல் பஞ்சாகும். அதனால்தான் பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. மாற்றும்போது ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) பகுதிக்குள் காற்று புகுந்துவிட்டால், அதை வெளியேற்ற ஸ்கேனரால் வால்வுகளை இயக்க வேண்டி வரும். வீட்டில் அந்த வசதி பலருக்கு இருக்காது.

டீலர் நிஜமாகவே மேலோங்கும் இடங்களும் உண்டு. ரீகால் வேலை (குறையைச் சரிசெய்யக் கம்பெனியே வண்டிகளைத் திரும்ப அழைப்பது), கன்ட்ரோல் யூனிட்டுகளின் சாஃப்ட்வேர் அப்டேட், கம்பெனி தன் பணிமனைகளுக்கு மட்டும் அனுப்பும் தொழில்நுட்பக் குறிப்புகள், முன் கண்ணாடி மாற்றியபின் கேமராவை அளவுதிருத்துவது எல்லாம் அவர்கள் களம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலின் மட்டத்தைப் பல வண்டிகளில் குறிப்பிட்ட வெப்பநிலையில்தான் பார்க்க முடியும். ஸ்கேனரில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை. ஹைப்ரிட் வண்டியின் உயர் மின்னழுத்த ஆரஞ்சு நிற ஒயர்கள், ஏர்பேக் இணைப்புகள், ஏசி கேஸ் இவற்றை வீட்டில் தொடவே வேண்டாம். விட்டு விட்டு வரும் மின்கோளாறுக்கும், சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்தால், அவர்கள் கூலி நியாயமானதே.

அவர்கள் மேல் எனக்குள்ள பெரிய குறை கூடுதல் வேலைகளைத் தலையில் கட்டுவது. இன்ஜின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் பே டிரஸ்ஸிங், டேங்கில் ஊற்றும் ஒரு புட்டி என்று பட்டியல் நீளும். ‘இது மெயின்டெனன்ஸ் அட்டவணையில் எந்த வரியில் இருக்கிறது?’ என்று கேளுங்கள். அட்டவணையில் இல்லையென்றால், என்ன அறிகுறியைப் பார்த்துச் சொல்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லாத வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

வாரன்டி காலத்தில் நாமே செய்வதானால், வாரன்டி புத்தகத்தில் சர்வீஸ் யார் செய்யலாம் என்று எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். அனுமதி உண்டென்றால் ஆயில், ஃபில்டர் பில்கள், பார்ட் நம்பர், தேதி, ஓடோமீட்டர் படம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். கருவிகளில் கஞ்சம் பிடிக்கக் கூடாதது டார்க் ரெஞ்ச்சில்தான்: ட்ரெயின் போல்ட், பிளக் போன்றவற்றுக்குச் சிறியது ஒன்று, சக்கர நட்டுக்குப் பெரியது ஒன்று. வடித்த ஆயிலை மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயில் வாங்கும் பணிமனையிலோ சேகரிப்பு மையத்திலோ கொடுங்கள். மண்ணிலோ சாக்கடையிலோ ஒரு சொட்டும் போகக் கூடாது.

டீலரிடமே விட்டிருந்தால், சாவியை வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் ஃபில்டர் மேலிருந்து தெரிந்தால், அது புதியதா என்று பாருங்கள். குனிந்து அடித்தட்டின் போல்ட்டுகளும் கிளிப்புகளும் எல்லாம் இருக்கின்றனவா, எங்காவது தொங்குகிறதா என்று பாருங்கள். சக்கரத்தைக் கழற்றியிருந்தால் நட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச்சில் முறுக்கித் தரச் சொல்லுங்கள். பல கார்களுக்கு அது 100 முதல் 120 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னால் இறுக்கிய நட்டு, நடுவழியில் பஞ்சரானால் வண்டியோடு வந்த ஸ்பானருக்கு அசையாது. ஏதாவது குறை கண்டால் அங்கேயே, வண்டியைப் பொறுப்பேற்ற சர்வீஸ் அட்வைசர் முன்னிலையில், ஜாப் கார்டில் எழுதி வாங்கிக்கொண்டு பிறகு வண்டியை எடுங்கள்.